கிறிஸ்துமஸுக்குக் குட்டி கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, மார்த்தாண்டம் நாய்த்தீவனக் கடையிலிருந்து வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் போதும், "லாப் (லாப்ரடார்) நாய்க்குட்டி ஒண்ணு கிடைக்குமா? பிள்ளைக்கு கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கணும்" என்று தினமும் நாலு பேர் கேட்கிறீர்கள். குட்டி விற்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். ஏன் என்று கல்லாவில் நின்றபடி ஒவ்வொருவரிடமும் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முன்பு ஒரு தரகரிடம் குட்டி எடுத்துக் கொடுத்தோம். அட்டைப்பெட்டியில், ராத்திரி பஸ்ஸில் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கும். அப்படி வந்த ஒன்று கடையில் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடி விளையாடியது. வாங்கிப்போன நாலாம் நாள் வாந்தி, ரத்தமாகப் பேதி. பார்வோ என்ற வைரஸ் நோய். ஆறாம் நாள் செத்துப்போயிற்று. பார்வோ கிருமி உடம்புக்குள் போனபிறகும் சில நாள் வெளியே ஒன்றும் தெரியாது. துள்ளி விளையாடுகிறதே என்று நம்பியது எங்கள் தப்பு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த வீட்டில் இப்போது ஒரு நாடன் நாய் இருக்கிறது. அப்பா தீவனம் வாங்க வரும்போது அந்தப் பிள்ளை மட்டும் வண்டியை விட்டு இறங்குவதில்லை.

சரி, குட்டி எங்கே வாங்குவது? வளர்ப்பவர் வீட்டுக்கே போங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். "அது தோட்டத்து வீட்டுல நிக்குது" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். வேறொரு பெட்டையைத் தாய் என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. பால் கொடுத்த பெட்டைக்குக் காம்புகள் தொங்கியிருக்கும், பார்த்தாலே தெரியும். அப்புறம் குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு 28 பால் பற்களும் ஏறக்குறைய வந்திருக்கும். முன்பல் மட்டும் எட்டிப் பார்த்தால் வயதில் பொய் சொல்கிறார்.

2017இல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஓர் ஈற்றுதான், ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் வேண்டும். அந்தத் தாளைத் தயங்காமல் கேளுங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கெனல் கிளப்பின் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், இடுப்பு எலும்பைப் பற்றிச் சொல்லாது. லாபுக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாய் தகப்பனுக்கு எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளை ராஜபாளையம் என்றால் குட்டிக்குப் பின்னால் சாவிக்கொத்தைப் போட்டுப் பாருங்கள். அந்த இனத்தில் செவிடு உண்டு. ஹஸ்கி? அது பனி நாட்டு நாய். இரண்டு மழையும் பெய்கிற நம் ஊரில் தயவுசெய்து வேண்டாம்.

நல்ல வளர்ப்பவர் உங்களையும் கேள்வி கேட்பார். "பகல்ல வீட்டுல ஆளு உண்டா?" என்றால் கோபப்படாதீர்கள்.

சினை 63 நாள், அதற்குமேல் எட்டு வாரம். ஆக, நாலு மாதம் காத்திருக்க வேண்டிவரும். தாய் நாய்க்குக் காலண்டர் தெரியாது. பிள்ளை கையில் ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், இந்த கிறிஸ்துமஸுக்கு ஒரு சின்னக் கழுத்துப்பட்டையை வாங்கிக் கொடுங்கள். குட்டி வந்தபிறகு அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருகிறோம்.