அம்மிணிக்கு, உன் புதிரைப் பற்றி

கோபிசெட்டிபாளையம்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மஞ்சள் வெட்டு முடிந்து, வேகவைத்துக் களத்தில் காயப் போட்டிருக்கிறோம். விலை நிலவரத்தைப் பிறகு எழுதுகிறேன். நீ அமைத்து அனுப்பிய சுடோகு புதிரை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்செடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அந்த நடுப்பெட்டி! ஓர் எண்கூடத் தராமல் வெறும் கட்டங்களாகக் கொடுத்திருக்கிறாயே என்று முதலில் மலைப்பாக இருந்தது. அதில் நீ வரைந்த பச்சைக் கோட்டில் அடுத்தடுத்த எண்களுக்குள் குறைந்தது ஐந்து வித்தியாசம் வேண்டும் என்கிறாய். அப்படியானால் 5 அந்தக் கோட்டில் ஏறவே முடியாது. கோடு எட்டுக் கட்டங்களைச் சுற்றி வந்து விட்டுவைத்த நடுக்கட்டம்தான் அதற்கு. மற்றவை, நம் கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படைக்கு அடுத்த போகம் என்று தண்ணீர் விடுவதைப் போல, சிறியது பெரியது என்று முறை வைத்து வருகின்றன. 4-க்குப் பக்கத்தில் 9 தவிர எதுவும் நிற்காது, 6-க்குப் பக்கத்தில் 1 தவிர எதுவும் நிற்காது. ஒரே பெட்டிக்குள் இரண்டு 9 ஏது? எனவே 4 ஒரு முனைக்கும் 6 மறு முனைக்கும் போயாக வேண்டும். 3-க்கு 8-உம் 9-உம் மட்டும்தான் ஒத்துவரும். பென்சிலை வைத்தால் 4, 9, 3, 8, 2, 7, 1, 6 என்று தானாக விழுகிறது. எந்த முனையில் தொடங்குவது என்பது ஒன்றுதான் பாக்கி. அதற்கு மேல்பெட்டியில் இரண்டு கட்டங்களைச் சேர்த்து, கூட்டுத்தொகை 17 என்று ஒரு கூண்டு வைத்திருக்கிறாய். அங்கே 8-உம் 9-உம் உட்கார்ந்துவிட்டால், அதே நெடுவரிசையில் கீழே 9 வர முடியாது. கோட்டின் திசை முடிவாகிவிடுகிறது.

சாதாரண சுடோகுவில் 17 எண்களுக்குக் குறைவாகக் கொடுத்தால் ஒரே விடை அமையாது என்று டப்ளினில் கேரி மெக்குவைர் 2012-இல் கணினியை வைத்து நிறுவியதை நீதான் எனக்குச் சொன்னாய். 2020-இல் மிட்செல் லீ இரண்டே எண்களைக் கொடுத்து அமைத்த புதிரைக் காட்டி, “விதியைக் கூட்டினால் எண்ணைக் குறைக்கலாம் அப்பா” என்றாய். இப்போது நீயே ஓர் எண்ணும் தராமல் அமைத்திருக்கிறாய். என் அப்பா, உன் அப்பாரு, இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

ஆனால் அம்மிணி, கீழே எட்டாம் வரிசையையும் ஒன்பதாம் வரிசையையும் பார். இரண்டிலும் இரண்டாவது கட்டம், ஐந்தாவது கட்டம். அந்த நான்கு கட்டங்களில் 3-ஐயும் 8-ஐயும் இடம் மாற்றிப் போட்டாலும் எல்லாம் பொருந்துகிறது. அங்கே கோடு இல்லை, கூண்டு இல்லை, சதுரங்கக் குதிரை தாவும் தூரத்தில் ஒரே எண் வரக்கூடாது என்ற குதிரைத் தாவல் விதியும் கெடவில்லை. இரண்டு விடை வருகிறது. ரப்பர் போட்டுப் போட்டுத் தாள் கிழிகிறவரை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

திருத்துவது எளிது. எட்டாம் வரிசையின் இரண்டாவது, மூன்றாவது கட்டங்களைச் சேர்த்து ஒரு கூண்டு போட்டுக் கூட்டுத்தொகை எழுதினால் தீர்ந்தது. ஆனால் நீ இப்படி விடுகிறவள் இல்லையே. ஊகிக்க வைக்கிற புதிர் புதிரே இல்லை என்று தம்பியுடன் சண்டை போட்டவள் நீ. கல்யாணத்துக்கு முன்பு அவன் போட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதுவும் என் கைக்கு வந்ததில்லை. அதற்குப் பிறகு புதிரின் அடியில் “சோதித்தவர்” என்று மாப்பிள்ளையின் பெயர் இருக்கும். இந்த முறை அந்த வரி இல்லை. அம்மா இதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மின்னஞ்சல் இங்கே காலை எட்டு மணிக்கு வந்தது. மியூனிக்கில் அப்போது அதிகாலை மூன்றரை. அந்த நேரத்தில் விழித்திருக்கலாமா? நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

பொங்கலுக்கு வரவில்லை, சரி. மாட்டுப் பொங்கலன்று ஒரு போன்கூடச் செய்யவில்லையே. அம்மா பட்டிப் பொங்கல் வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருந்துறை அத்தை கேட்டபோது உனக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன். அத்தைக்கு அது போதவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் மாப்பிள்ளைக்குப் போன் செய்யவில்லை. உன்னைக் கேட்காமல் செய்யவும் மாட்டேன். நீயாகச் சொல்லும்வரை எதையும் கேட்கக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இந்த நான்கு கட்டங்களைப் பார்த்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

தூங்கு அம்மிணி. இராத்திரியில் கட்டம் போடாதே, கண் கெடும். சாப்பிடாமல் படுக்காதே.

பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழா வருகிறது. இரண்டு பேராக வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி, கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு நானே கார் எடுத்துக்கொண்டு வருகிறேன். டிரைவர் வேண்டாம், அத்தை வேண்டாம், நான் மட்டும் வருகிறேன். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. பணம் வேண்டுமென்றால் அதையும் எழுது.

அன்புடன்,
அப்பா