புகார்தாரருக்கு மட்டுமா நாட்கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் பாலியல் தொல்லை குறித்துப் புகார் எழும்போதெல்லாம், "உள் புகார் குழு விசாரித்து வருகிறது" என்ற ஒற்றை வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த வரிக்குப் பின்னால் நடப்பவற்றைக் கொஞ்சம் எழுதலாம் என்றே இக்கடிதம். அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அதில் மூன்றாண்டுகள் இத்தகைய குழுவின் உறுப்பினராகவும் இருந்தேன்.

பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அதைக் கல்வி நிறுவனங்களுக்கு ஏற்ப விரித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் தனி விதிகளை வகுத்தது. மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படக்கூடும் என்பதையும் அவ்விதிகள் ஏற்றுக்கொண்டன. அவற்றைப் படித்துப் பார்த்தால் நாட்கணக்கு மிகத் தெளிவாகவே இருக்கிறது. புகார் கிடைத்த ஏழு நாட்களுக்குள் அதன் நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும்; அவர் பத்து நாட்களில் பதில் தர வேண்டும்; தொண்ணூறு நாட்களில் விசாரணை முடிய வேண்டும்; அடுத்த பத்து நாட்களில் அறிக்கை நிர்வாகத்தின் கைக்குப் போக வேண்டும்; அறிக்கை வந்த முப்பது நாட்களுக்குள், மேல்முறையீடு இல்லாவிட்டால், நிர்வாகம் பரிந்துரையின்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். காகிதத்தில் குறையொன்றும் இல்லை.

ஆனால் இந்த நாட்கணக்கில் ஒன்று மட்டும் இரும்பாகவும் மற்றவை ரப்பராகவும் இருப்பதே என் குறை. இரும்பாக இருப்பது புகார் கொடுக்க வேண்டியவருக்கான கெடு. கடைசிச் சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் எழுத்தில் வந்தாக வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் குழு மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் வழியில்லை. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு பெண்ணின் நிலையில் நின்று இந்த ஆறு மாதங்களை எண்ணிப் பாருங்கள். ஆய்வேட்டில் நெறியாளர் கையொப்பமிட வேண்டும், உதவித்தொகைப் படிவத்தில் அவர் கையொப்பமிட வேண்டும், வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்கவும் அவருடைய தயவு வேண்டும். நெறியாளர் மீதே புகார் என்றால், பட்டம் கைக்கு வரட்டும் என்று அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது கோழைத்தனமா? அப்படிக் காத்திருந்து முடிப்பதற்குள் சட்டத்தின் கதவு மூடிவிடுகிறது.

கொல்கத்தாவில் உள்ள சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர் மீது அங்கு பணிபுரிந்த பெண் பேராசிரியர் கொடுத்த புகாரில், 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. கடைசிச் சம்பவமாகச் சொல்லப்பட்டது 2023 ஏப்ரலில் நடந்தது. புகார் எழுதப்பட்டது அதே ஆண்டு டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் தன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியதும் அந்தத் தொல்லையின் தொடர்ச்சியே என்று அவர் வாதிட்டார், அது ஏற்கப்படவில்லை. காலம் கடந்த புகார் என்று நிராகரித்தது சரியே என்று கூறிய நீதிமன்றம், அத்துடன் நில்லாமல், இத்தீர்ப்பைத் துணைவேந்தர் தம் தன்விவரக் குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் உத்தரவிட்டது. விசாரிக்கவும் முடியாது, விட்டுவிடவும் மனம் வரவில்லை என்ற சங்கடம் அந்த உத்தரவில் தெரிகிறது. சட்டத்தைப் படித்த ஒரு பேராசிரியருக்கே கெடு தவறியது என்றால், முதுகலை படிக்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

இனி ரப்பர்க் கணக்கு. நான் குழுவில் இருந்தபோது வந்த ஒரு புகாரை, தொண்ணூறு நாட்களுக்கு ஒரு வாரம் முன்னதாகவே விசாரித்து முடித்து, இரு தரப்புச் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் இணைத்து அறிக்கை கொடுத்தோம். தபால் பிரிவில் முத்திரையும் விழுந்தது. அதன்பின் அந்தக் கோப்பு எங்கே போனது என்று எங்களுக்கு எட்டு மாதங்கள் தெரியவில்லை. கேட்டபோதெல்லாம் சட்ட ஆலோசகரிடம் இருக்கிறது, நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் என்ற பதில்தான். அதற்குள் அந்த மாணவி இறுதியாண்டுத் தேர்வை எழுதிவிட்டு மாற்றுச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். யார் மீது புகார் கொடுத்தாளோ அவரே அவளுடைய செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போட்டார். புகார்தாரரின் தேர்வுகளையும் பணியையும் எதிர்த்தரப்பு மதிப்பிடக் கூடாதென்று இடைக்கால ஏற்பாடு செய்ய 2015 விதிகளிலேயே இடம் உண்டு. நாங்கள் அதைப் பரிந்துரைத்தும் இருந்தோம். விதியை மீறும் நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. நிதியுதவியை நிறுத்தலாம் என்று மானியக் குழுவின் விதியில் இருக்கிறது. தாமதத்துக்காக இவை எவர் மீதும் பாய்ந்து என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

வேகமாக முடித்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கோவா பல்கலைக்கழகத்தில் ஒரு துறைத் தலைவர் மீது 2009-இல் எழுந்த புகார்களை அங்கிருந்த குழு அவசர அவசரமாக விசாரித்தது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். தம் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தரப்படவில்லை என்று அவர் தொடுத்த வழக்கில், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்து, 2009 மே மாதத்தில் விசாரணை இருந்த நிலையிலிருந்தே மீண்டும் தொடங்குமாறு கூறியது. பதினான்கு ஆண்டுகள்! புகார் கொடுத்த மாணவிகளுக்கும் நீதி இல்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் முடிவு இல்லை. குறுக்குக் கேள்விகளுக்கும் ஆவணங்களுக்கும் ஒரு வாரம் கூடுதலாகக் கொடுக்க மனமில்லாத குழு, புகார்தாரருக்கு உதவுவதாக நினைத்து அவருக்கே குழி பறிக்கிறது.

குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். துணைவேந்தர், பதிவாளர், புலத்தலைவர், துறைத் தலைவர் ஆகியோர் உறுப்பினர்களாக இருக்கவே கூடாது. மாணவர் தொடர்பான புகார் என்றால் வெளிப்படையான தேர்தலில் வந்த மூன்று மாணவர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும் என்கின்றன விதிகள். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் பட்டியல்களை நானும் பார்த்திருக்கிறேன். தன் பெயர் அதில் இருப்பது தெரியாத மாணவியைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

சாதிப் பாகுபாட்டுப் புகார் என்றால் நிலைமை இன்னும் மெலிவு. மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிகள், பாகுபாடு தடுப்பு அலுவலர் என்று பேராசிரியர் ஒருவரை நியமிக்கச் சொல்கின்றன; அவர் முடிவை எதிர்த்து அதே நிறுவனத்தின் தலைவரிடமே மேல்முறையீடு செய்ய வேண்டும். 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வேமுலாவும், 2019 மே மாதம் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியும் சாதிப் பாகுபாட்டுக் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே தற்கொலை செய்துகொண்ட பிறகு, அவர்களுடைய தாய்மார்கள் இருவரும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் சென்றதன் தொடர்ச்சியாகத்தான் புதிய விதிகள் எழுதப்பட்டன. 2026 ஜனவரியில் அவை அறிவிக்கப்பட்டு, அதே மாதத்தில் நீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டு, 2012 விதிகளே தொடரும் என்றாகிவிட்டது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தி, அதே மூச்சில் பாலியல் தொல்லையும் கொடுத்த ஒருவர் மீது ஒரு தலித் மாணவி புகார் தர வேண்டுமானால், நடந்ததை இரண்டாகக் கிழித்து இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டால் நிர்வாகங்கள் சொல்லும் பதில் ஒன்றே: ரகசியம் காக்க வேண்டும். ரகசியம் எவ்வளவு தேவை என்பதை 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்களோடு காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையே வெளியானபோது நாம் கண்டோம். அதற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் சட்டம் மறைக்கச் சொல்வது பெயரையும் முகவரியையும் அடையாளத்தையும் விசாரணையின் உள்ளடக்கத்தையும்தான். அடையாளம் வெளிப்படாமல், கிடைத்த நீதியைப் பற்றிச் சொல்லலாம் என்று 2013 சட்டத்தின் 16-ஆம் பிரிவே அனுமதிக்கிறது. எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை முடிந்தன என்று ஆண்டறிக்கை தயாரித்து அனுப்பவும் விதி உண்டு. அந்த அறிக்கை மானியக் குழுவுக்குப் போவதோடு நிற்காமல் வளாகத்தின் அறிவிப்புப் பலகைக்கும் வரட்டும். புகார் வந்த தேதி, விசாரணை முடிந்த தேதி, நிர்வாகம் முடிவெடுத்த தேதி என்று ஒவ்வொரு புகாருக்கும் மூன்று தேதிகள் அதில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஓரிரு புகார்களே வரும் சிறிய கல்லூரிகளில் தேதியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், அங்கு தேதிகளுக்குப் பதில் எத்தனை நாட்கள் ஆயின என்பது போதும்.

புகார்தாரருக்கான மூன்று மாதக் கெடுவை, மாணவர்களைப் பொறுத்தவரையிலாவது, படிப்பையோ ஆய்வையோ முடித்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும். நாளாகும் என்பதும் தெரியும். மூன்று தேதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டுவதற்குத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. தமிழகத்தின் துணைவேந்தர் எவரேனும் இக்கடிதத்தைப் படித்தால், இந்த ஆண்டின் பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.