டாங்கிள் பழுதானால் லைசென்ஸும் போய்விட வேண்டுமா?

ஆட்டோமேஷன் மென்பொருள் விற்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் சார்பில் எழுதுகிறேன். இலவசமாக எதையும் கேட்கவில்லை. கணினியில் செருகி வைத்தால்தான் மென்பொருள் ஓடும் என்று நீங்கள் தரும் சாவி போன்ற யூஎஸ்பி டாங்கிள் ஒன்று பழுதானதும் நாங்கள் வாங்கிய உரிமையே இல்லாமல் போகிறதே, அதற்கு வழி செய்யுங்கள் என்கிறோம்.

வருடக்கணக்கில் பேனல் சூட்டிலும் அதிர்விலும் கிடக்கும் டாங்கிளுக்குள் ஒருநாள் சாலிடர் விட்டுப்போகும். இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி கட்டுப்பாட்டுக் கருவி தன்பாட்டுக்கு ஓடும். ஆலை நிலவரத்தைத் திரையில் காட்டும் ஸ்காடா மென்பொருளோ லைசென்ஸ் இல்லை என்று திரையை மூடிவிடும். பாய்லர் அழுத்தம் எவ்வளவு, எந்த அலாரம் வந்தது, ஆபரேட்டருக்கு எதுவும் தெரியாது. நடு ராத்திரியில் உதவி எண்ணை அழைத்தால், பழையதை அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் புதியது தருகிறோம் என்று பதில் வருகிறது. தொலைந்திருந்தால் இன்னும் மோசம். முழு லைசென்ஸையும் மறுபடி வாங்கச் சொல்வார்கள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் டாங்கிள் செருகியிருப்பதுபோல் மென்பொருளை ஏமாற்றும் எமுலேட்டரை விற்பவர்கள் உள்ளே வருகிறார்கள். யார் எழுதியது என்றே தெரியாத டிரைவர் மென்பொருளை ஆலைக் கணினியில் ஏற்ற எங்களுக்கு விருப்பமில்லை. அது சட்டப்படியும் தப்பு. ஆனால் டாங்கிள் இருந்தால் பாதுகாப்பு என்றும் சொல்லாதீர்கள். பல மென்பொருள்கள் நம்பியிருக்கும் சென்டினல் லைசென்ஸ் அமைப்பில் 14 பாதுகாப்பு ஓட்டைகள் இருந்ததை 2018-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன் டிரைவர் ஏறும்போது, வெளித் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் திறந்த 1947-ஆம் போர்ட் என்ற வழி, டாங்கிளைப் பிடுங்கிய பிறகும் திறந்தே கிடந்தது.

மாற்று வழி உங்கள் துறையிலேயே இருக்கிறது. இக்னிஷன் என்ற ஸ்காடா மென்பொருள், லைசென்ஸ் இல்லாமலும் 2 மணி நேரம் ஓடும், முடிந்ததும் மறுபடி தொடங்கலாம். ட்வின்கேட் 3 என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் 7 நாள் சோதனை லைசென்ஸைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு மாறும் ஆலைகளுக்கு, டாங்கிள் இல்லாத மென்பொருள் லைசென்ஸ்தான் சரிப்படும். இணையம் இல்லாத கன்ட்ரோல் ரூமுக்கு, லைசென்ஸ் ஃபைல் ஒன்றை வெளியே எடுத்துச் சென்று, இணையம் உள்ள கணினியில் பதிவு செய்துவரும் வசதி போதும்.

டாங்கிள்தான் வேண்டும் என்றால், அதோடு மாற்று டாங்கிளும் கொடுங்கள். டாங்கிள் காணாமல் போனாலும் 30 நாளாவது திரையில் எச்சரிக்கையோடு ஓடவிடுங்கள். அப்புறம், நீங்கள் விற்பதை நிறுத்திய பதிப்புகள்: பழுதாகி, இனி கிடைக்கவும் வழியில்லாத டாங்கிள்களுக்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2003-இலேயே விலக்கு தந்தார்கள். அந்தப் பதிப்புகளுக்கு டாங்கிள் சோதனையை எடுத்துவிடும் அப்டேட்டை நீங்களே வெளியிடுங்கள்; அதை இனி போடும் ஒப்பந்தங்களில் எழுத்தாகவே தாருங்கள்.

இப்படிக்கு,
ஆலைப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்