கறிவேப்பிலையை ஒதுக்கிய இரவு: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மச்சான் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் வாட்ஸ்அப் குரல் செய்தி வந்தது. விருதுநகரில் காலை ஆறு மணி என்றால் இங்கே ராத்திரி இரண்டரை என்பதை எத்தனை தடவை சொன்னாலும் மறந்துவிடுகிறீர்கள். ஊரில் யாருக்கு என்ன ஆச்சோ என்று உங்கள் அக்கா பதறி எழுந்து, நீங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டிக்கொண்டே படுத்தாள்.

நாலு நிமிஷச் செய்தியின் சாரம் இதுதானே: டிசம்பரில் பத்தாவது கல்யாண நாளுக்குத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். கேப் டவுனில் மூன்று நாள். அதில் ஒரு ராத்திரி, டிவியில் வருகிற உலகப் புகழ்பெற்ற சமையல்காரர் ஒருவரின் பெயர் போட்ட ரெஸ்டாரண்டில் சாப்பாடு. இரண்டு பேருக்கு 5,000 ராண்ட் ஆகும்போல. நம் ரூபாயில் 25,000-ஐத் தொட்டுவிடும். தகுமா?

போன மாதம் ஆபீஸில் ஒருவர் இதையே கேட்டார். அதற்கு முன் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் இருக்கும் நண்பரின் மகன் கேட்டான். அதனால்தான் பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதிவிடுகிறேன். தங்கச்சிக்குத் தெரியாமல் வைத்திருக்கும் ரகசியம் உடைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். எனக்கு விஷயத்தை முதலில் சொன்னதே தங்கச்சிதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கெல்லாம் கொட்டிக் கொடுப்பதற்குப் பதில் ஒரு பன்னி சௌ வாங்கித் தின்றால் தேவாமிர்தம் என்று நான் முடிக்கப்போவதில்லை. அந்தப் பேச்சு எனக்கே சலித்துவிட்டது. (பன்னி என்றதும் அம்மா போனிலேயே முகம் சுளித்தது ஞாபகம் இருக்கிறதா? அது பன்றியும் இல்லை, முயலும் இல்லை. கால் ரொட்டியின் நடுவைத் தோண்டிக் கறிக்குழம்பை ஊற்றித் தருவார்கள், அவ்வளவுதான். குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்குக்கு இங்கே கிரேவி சோக்கர் என்றே பெயர். நூறு ராண்டை ஒட்டி வரும். டர்பனுக்கு வரும்போது நானே வாங்கித் தருகிறேன்.) அது பசிக்கு. நீங்கள் கேட்பது வேறு.

நாலு வருஷத்துக்கு முன்னால் உங்கள் அக்காவின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு நாங்களும் இப்படி ஒரு இடத்துக்குப் போனோம். பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்ட். பெயர் வேண்டாம். வாசலில் வெளிநாட்டுச் சமையல்காரர் ஒருவரின் கையெழுத்தையே பித்தளையில் வார்த்து வைத்திருந்தார்கள். ஏழு கோர்ஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஏழு தட்டு. நாலாவதாக மீன் வந்தது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு, அதன் கீழே மஞ்சளாக ஒரு சாறு, மேலே பொரித்த கறிவேப்பிலை ஒன்றே ஒன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சின்னச் சாமணத்தால் அந்த இலையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாய்த்து வைத்ததை நான் பார்த்தேன்.

தட்டு மேசைக்கு வந்தது. உங்கள் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? நாற்பது வருஷப் பழக்கம். பேசிக்கொண்டே இலையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மீனைத் தொட்டாள்.

பரிமாறிய பையன் ஓடி வந்தான். ஜிம்பாப்வேக்காரன், நல்ல மரியாதை. "அம்மா, அந்த இலையைச் சுற்றித்தான் இந்த உணவையே யோசித்திருக்கிறார்கள்" என்றான் மெதுவாக. அவளுக்கு வெட்கம். எடுத்து வாயில் போட்டு மென்றாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் மரத்தின் இலை!

நான் சும்மா இருக்காமல் கேட்டேன்: "யோசித்தவர் இன்றைக்கு உள்ளே இருக்கிறாரா?" பையன் சங்கடமே படாமல் சொன்னான்: "கடை திறந்தபோது வந்தார் சார். அப்புறம் ஒரு தடவை வந்தார்." அப்போது கடைக்கு வயது இரண்டு.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்த மீன் அபாரம். தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது, உள்ளே வெந்தும் வேகாத அந்த நொடியில் நிறுத்தியிருந்தார்கள். சாறு நம் புளிச்சாற்றின் தூரத்துச் சொந்தம். மற்ற ஆறில் இரண்டு நன்றாக இருந்தன, மூன்று இப்போது ஞாபகமே இல்லை. கடைசியில் வந்த இனிப்பு மேசைக்கு வரும்போதே உருகிப்போயிருந்தது. தண்ணீர், ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயின், டிப்ஸ் எல்லாம் சேர்த்து 4,600 ராண்ட். வெளியே வரும்போது எனக்கு உறுத்தியது தொகை இல்லை. சாமணம் பிடித்த அந்தப் பெண்ணின் பெயர் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பித்தளையில் இருந்தவருக்கோ அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டதே தெரியாது.

நான் இரண்டு சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் பில்லைப் பார்த்தால் எனக்குச் சாப்பாட்டைவிட வரவு செலவுதான் முதலில் தெரியும். பொதுவாக ஒரு கடையில் நூறு ராண்டுக்கு விற்றால் முப்பதை ஒட்டிச் சரக்குக்கு, கிட்டத்தட்ட அதே அளவு சம்பளத்துக்கு, மிச்சத்தில் வாடகை, கேஸ், மின்சாரம், உடைந்த கிளாஸ். இங்கே 15 சதவீத வாட் வரி விலைக்குள்ளேயே இருக்கும். பத்து மிஞ்சினால் முதலாளி கோயிலுக்குத் தேங்காய் உடைப்பார். பெயரை வாடகைக்கு எடுத்த கடையில் இதற்கு மேல் ஒரு வரி கூடுகிறது. பெயருக்குச் சொந்தக்காரருக்குக் கட்டணம், பல ஒப்பந்தங்களில் விற்பனையில் பங்கு. கடைக்கு நஷ்டம் வந்தாலும் அது போய்ச் சேர வேண்டும். அந்தக் காசு எங்கிருந்து வரும்? ஒன்று உங்கள் பில்லிலிருந்து, இல்லை என்றால் சமையலறையிலிருந்து. ஒரு ஆளைக் குறைப்பார்கள், மீனின் தரத்தைக் குறைப்பார்கள், மாற்ற வேண்டிய மெனுவை மாற்றாமல் ஓட்டுவார்கள்.

அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. நம் ஊர் மெஸ்ஸில் என்ன செய்வோம்? உள்ளே நுழையும்போதே முதலாளி கல்லாவில் இருக்கிறாரா என்று கண் போகும். அவர் இருந்தால் சாம்பாரில் தண்ணீர் ஏறாது. தலைப்பாக்கட்டி கதை தெரியுமே. 1957-ல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு தொடங்கியபோது அவர் தலைப்பாகைதான் கடைக்கு அடையாளம். பிற்பாடு அந்தப் பெயர் யாருக்கு என்று நீதிமன்றம் வரை போனார்கள். இன்றைக்கும் நம் வீட்டில் திண்டுக்கல் கடையா, சென்னைக் கிளையா என்று சண்டை வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதே கண்ணோடு கேப் டவுனையும் பாருங்கள்.

2009-ல் பிரிட்டிஷ் டிவி சமையல்காரர் கோர்டன் ராம்சே கேப் டவுனின் ஒன் அண்ட் ஒன்லி ஹோட்டலில் மேஸ் என்ற ரெஸ்டாரண்டைத் திறந்தார். அவரைத் தெரியாதவர் யார்? அடுத்த வருஷமே, 2010-ல், அது மூடிவிட்டது. அதே இடத்துக்கு வந்தவர் ரூபன் ரிஃபெல், பக்கத்து ஊரான ஃபிரான்ஷூக்கைச் சேர்ந்த சமையல்காரர். ராம்சேக்கு அந்த 2009 வேறு விதத்திலும் நேரம் சரியில்லை. லண்டனில் அவர் நடத்திய சில கடைகளுக்கு ஒரு பொதுச் சமையலறையில் முன்கூட்டியே ஆக்கி வேனில் அனுப்புகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆக்கி அனுப்புவது குற்றமில்லை, நம் கல்யாண காண்டிராக்டர்கள் செய்யாததா! ஆனால் டிவியில் தட்டைத் தூக்கி எறிந்து கத்துகிற ஆளின் கடையில் என்றால் கேட்பவருக்கு உறைக்கத்தானே செய்யும்? ஆனால் அதே ஹோட்டலில் ஜப்பானியச் சமையல்காரர் நோபுவின் பெயர் போட்ட கிளை நிலைத்துவிட்டது. அதனால் பெயர்ப் பலகைக் கடையெல்லாம் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுபக்கம் லூக் டேல்-ராபர்ட்ஸ் என்ற சமையல்காரர். 2010-ல் கேப் டவுனின் வுட்ஸ்டாக் பகுதியில் பழைய பிஸ்கட் மில் ஒன்றுக்குள் தி டெஸ்ட் கிச்சன் தொடங்கினார். அவர் டிவிக்குப் போய்ப் பெரிய ஆள் ஆகவில்லை, அடுப்பிலிருந்து ஆனார். 2016-ல் உலகின் சிறந்த ஐம்பது ரெஸ்டாரண்ட் பட்டியலில் 22-வது இடம். மாதக்கணக்கில் காத்திருந்து இடம் பிடித்தார்கள். அப்படிப்பட்ட கடையையே 2021-ல் மூடினார். அதே 2016-ல் யான் ஹென்ட்ரிக் ஃபான் டர் வெஸ்ட்ஹெய்சன் என்ற சமையல்காரர், நல்ல ரெஸ்டாரண்டுகளுக்கு மிஷலின் வழிகாட்டி கொடுக்கும் நட்சத்திரத்தை வாங்கிய முதல் தென்னாப்பிரிக்கர் ஆனார். வாங்கியது பிரான்சின் நீஸ் நகரத்தில், இந்த நாட்டில் அந்த வழிகாட்டியே இல்லை என்பதால். அதனால் இங்கே யாராவது மிஷலின் சாப்பாடு என்று விளம்பரம் போட்டால், நட்சத்திரம் எந்த ஊர்க் கடைக்கு என்று கேளுங்கள்.

எனக்கு மனசில் நிற்பது பாட்டர்நோஸ்டர். கேப் டவுனிலிருந்து வடக்கே 150 கிலோமீட்டர், மேற்குக் கடலோரத்து மீனவ ஊர். அங்கே கோபஸ் ஃபான் டர் மெர்வ என்பவர் 2016-ல் பழைய வீடொன்றில் வுல்ஃப்காட் ஆரம்பித்தார். இருபது பேர் உட்காரலாம். சமையலறையில் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள்தான், கேட்டரிங் படித்தவர்கள் இல்லை. 2019-ல் பாரிஸில் நடந்த உலக ரெஸ்டாரண்ட் விருதுகளில் அந்த வருஷத்தின் சிறந்த ரெஸ்டாரண்ட் என்று இதற்குக் கொடுத்தார்கள். அப்போது ஏழு கோர்ஸுக்கு 850 ராண்டுதான். விருதுக்கு முன்னால், என் வாடிக்கையாளர் ஒருவர் புண்ணியத்தில், நாங்கள் போயிருந்தோம். ரொட்டியோடு வெண்ணெய் வைத்தார்கள். அதில் பொக்கம் சேர்த்திருந்தது. பொக்கம் என்றால் அந்தக் கரையில் உப்பிட்டுக் காயவைக்கும் மீன், சாட்சாத் நம் கருவாடு. மணல்மேட்டில் தானாக முளைக்கும் கீரை, பாறையில் ஒட்டும் சிப்பி வகை, கடற்பாசி. இரண்டு அயிட்டம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒன்றில் உப்பு தூக்கல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் கரையைக் காட்டி இதைப் பறித்தது அங்கே என்று சொன்னார்கள், பறித்த கையும் ஆக்கிய கையும் அந்தக் கூரைக்குக் கீழேயே இருந்தன. காசு எங்கே போகிறது என்று கணக்குக்காரனுக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

"இவ்வளவு வாங்கியும் கொள்ளை லாபம்தானே" என்று குரல் செய்தியில் சொன்னீர்கள். பெரும்பாலும் இல்லை, மாப்பிள்ளை. கோபன்ஹேகனில் நோமா உலகத்திலேயே முதல் கடை என்று பலமுறை பெயர் வாங்கியது. அங்கே வேலை பழக வந்தவர்களுக்கு 2022 அக்டோபரில்தான் சம்பளமே கொடுக்க ஆரம்பித்தார்கள். 2023 ஜனவரியில் அதன் சமையல்காரர் ரெனே ரெட்செபி, இந்த முறையில் கடை நடத்துவது தாங்காது, வழக்கமான ரெஸ்டாரண்டாக இனி வேண்டாம் என்று அறிவித்தார். இருபது தட்டுக்கு இருபது கை வேலை செய்யும் இடத்தில் விலை எவ்வளவு வைத்தாலும் கணக்கு முட்டும். பிரபல சமையல்காரருக்குக் காசு வருவது டிவியிலிருந்து, புத்தகத்திலிருந்து, பெயர் போட்ட கத்தியிலிருந்து, சட்டியிலிருந்து. கடை பல பேருக்கு விளம்பரச் செலவு. அந்த விளம்பரத்துக்கு நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறோம்.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் அனுப்பிய இணைப்பில் இருக்கும் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பலகைக்காரரின் படம் எட்டு இருக்கிறது. தினமும் அடுப்பை நடத்துகிற ஹெட் செஃப் பெயரைக் கண்டுபிடிக்கக் கடைசி வரை உருட்ட வேண்டியிருந்தது. எனக்கு அது போதும். அதற்குப் பதிலாகக் கேப் டவுனிலேயே சொந்தக்காரரே சமைக்கும் கடைகள் நாலைந்து இருக்கின்றன, பட்டியலைத் தனியாக அனுப்புகிறேன். விலை ஒன்றும் சல்லிசு இல்லை. நல்ல இடத்தில் டேஸ்டிங் மெனு (கடைக்காரரே தீர்மானித்து வரிசையாகச் சின்னச் சின்னத் தட்டுகளாகத் தருவது) ஆளுக்கு 1,500 ராண்டுக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம், 2,000-ஐத் தாண்டுவதும் உண்டு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் கொடுக்கலாம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஒயின் என்று சேர்த்துத் தரும் ஒயின் பேரிங் மட்டும் வேண்டாம், நீங்கள் இரண்டாவது கிளாஸிலேயே தூங்கிவிடுவீர்கள். மத்தியானச் சாப்பாடு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், சில இடங்களில் அதே சமையலறை, விலை குறைவு. டிப்ஸ் பெரும்பாலும் பில்லில் இருக்காது, பத்து சதவீதத்துக்குக் குறைந்து வைத்தால் பரிமாறும் பையனுக்கு நஷ்டம்.

சைவ மெனுவைப் பற்றி ஒரு வார்த்தை. பல கடைகளில் அதற்கும் கறி மெனுவுக்கும் ஒரே விலை. போன வருஷம் காவடி விரதத்தில், பத்து நாள் சைவம் என்று இருந்தபோது, கம்பெனி விருந்து ஒன்று வந்தது. ஏழு கோர்ஸில் நாலில் காளான்! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டிசம்பர் என்பதுதான் சிக்கல். ஜொகன்னஸ்பர்க் முழுக்கக் கேப் டவுனில் வந்து இறங்கும் மாதம். இப்போதே புக்கிங் போட்டால்தான் உண்டு. கிரெடிட் கார்டு எண் கேட்பார்கள், வராமல் போனால் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். அதனால் வியாழக்கிழமைக்குள் இரண்டு விஷயம் சொல்லுங்கள். தங்கச்சி இப்போது மீன் சாப்பிடுகிறாளா, இல்லை வெள்ளி, செவ்வாய் தவிர்க்கிறாளா? நீங்கள் இந்த வருஷமும் சபரிமலைக்கு மாலை போடுகிறீர்களா? போட்டால் மண்டல பூஜை முடியும்வரை எந்தச் சமையல்காரராலும் உங்களுக்கு உதவ முடியாது.

அப்புறம், விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மாமியார் கொல்லி என்று பெயர் வைத்து ஒரு மிளகாய்ப்பொடி விற்கிறார்கள். போன தடவை நீங்கள் அரைக் கிலோ வாங்கிப் போனதை அம்மா இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவை வேண்டாம். வரும்போது காராச்சேவு இரண்டு கிலோ, சாத்தூர்க் கடையில் வாங்கியது.

இப்படிக்கு,
மச்சான்
டர்பன்