தோற்சுருள்களும் சீலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தலைமைத்துவம் பற்றிய கிறிஸ்தவ நூல்கள் பலவும் நிர்வாகக் கையேடுகளைப் போலவே இருப்பதால், யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்துக்கே நான் மீண்டும் மீண்டும் திரும்பவேண்டியிருக்கிறது. இயேசு பந்தியிலிருந்து எழுந்து, சீலையை அரையில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவியபோது, தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசின் கால்களையும் விட்டுவிடவில்லை என்பதை நாம் எளிதில் கடந்துபோய்விடுகிறோம். சிறையிலிருந்த அப்போஸ்தலர் பவுல், மரணம் நெருங்குவதை அறிந்திருந்தும், தம் இளைய உடன் ஊழியரான திமோத்தேயுவிடம் கேட்டனுப்பியவை ஒரு மேலங்கியும் புத்தகங்களும், விசேஷமாய்த் தோற்சுருள்களும்தான் (எனக்கு மிகவும் நெருக்கமான வரி அது). கி.பி. 386இல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் பின்னாளில் திருச்சபையின் பெரும் சிந்தனையாளரான அகுஸ்தீனின் வாழ்வைத் திருப்பியதும் அந்தப் பவுலின் ரோமர் நிருபத்தை வாசித்த நொடியே. ஆனால் சபைப் பொறுப்புக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பேச்சுத்திறனை விசாரிக்கும் நாம், அவர் அண்மையில் என்ன வாசித்தார் என்று கேட்பதேயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்