பென்சிலும் பாஸ் புத்தகமும்

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி காலை நடைக்குக் கிளம்பிவிட்டாய் என்பதில் சந்தோஷம். ஆனால் தென்னாப்பிரிக்க நிறவெறியை 'வெள்ளைக்காரன் மனசில் இருந்த வெறுப்பு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. வெறுப்பு எந்த ஊரில் இல்லை? அங்கே அதற்குப் படிவம் அச்சடித்து, முத்திரை செய்து, குமாஸ்தா வைத்துச் சம்பளமும் போட்டார்கள்.

1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தையே எடுத்துக்கொள். யார் வெள்ளையர்? பார்த்தாலே வெள்ளையராகத் தெரிபவர், அல்லது வெள்ளையர் என்று ஊர் ஒப்புக்கொண்டவர். பார்க்க வெள்ளையாக இருந்தும் ஊர் 'கலப்பினம்' என்று சொன்னால் அவர் வெள்ளையர் இல்லை. சட்டத்தின் வரையறையே இவ்வளவுதான்! இதை வைத்துக்கொண்டு அதிகாரி என்ன செய்வார்? சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். நழுவி விழுந்தால் வெள்ளை, சிக்கி நின்றால் இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பிரிவு, தம்பி வேறு பிரிவு என்று ஆனதும் உண்டு. பிற்பாடு அடையாள எண்ணிலேயே ஓர் இலக்கம் இனத்தைச் சொல்லிவிடும். அந்த இலக்கம் 1986 வரை இருந்தது.

அடுத்தது பாஸ். 1952இல் வந்த சட்டப்படி 16 வயதான ஒவ்வொரு கறுப்பினத்தவரும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகம். மக்கள் அதை 'டொம்பாஸ்', அதாவது முட்டாள் பாஸ் என்பார்கள். முதலாளி மாதாமாதம் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதி இல்லாமல் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் கைது. நகரத்தில் தங்கும் உரிமை வேண்டுமா? அங்கேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும்; அல்லது ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 10 ஆண்டு வேலை, இல்லையேல் சட்டப்படி 15 ஆண்டு தொடர்ந்த குடியிருப்பு.

இதில் 'தொடர்ந்து' என்ற சொல்லில்தான் சூட்சுமம். 1968இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: ஒப்பந்தத் தொழிலாளி ஆண்டுக்கொரு முறை சொந்த ஊருக்குத் திரும்பி ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வர வேண்டும். போய்வந்தால் தொடர்ச்சி அறுந்தது என்று கணக்கு. ஆகவே ஒரே பட்டறையில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் பத்தாண்டு நிறையவே நிறையாது. 1983இல் ரிக்கோட்டோ என்ற தொழிலாளியின் வழக்கில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'இது தொடர்ச்சிதான்' என்றது. பிரிவினையைக் கட்டிய சட்டத்தின் வாசகத்தை வைத்தே வழக்கறிஞர்கள் அதை மடக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு அது.

நம்மவர்களையும் இது விடவில்லை. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் டர்பனின் கேட்டோ மேனரில் நிலம் வாங்கி, கோயில் கட்டிக் குடியிருந்தார்கள். எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டப்படி அது வெள்ளையர் பகுதியானது. வீடுகளை இடித்து, 1960களில் பலரையும் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் பகுதிக்கு அனுப்பினார்கள். வீடு போன இடத்தில் கோயில் நின்றது.

எல்லாம் 1991இல் ஒழிந்தது என்று எழுதியிருந்தாய். பதிவுச் சட்டத்தை அந்த ஆண்டு ரத்து செய்தது உண்மைதான். ஆனால் அதன்பின் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் பிரிவு எழுதுவதை நிறுத்தினார்கள். முன்பே எழுதிய பிரிவு, புதிய அரசியல் சட்டம் வரும்வரை பதிவேட்டில் அப்படியே கிடந்தது.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்