டோட்டல் கவுண்டை மட்டும் பார்த்து மருந்து வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் காய்ச்சலும் கூடிவிடும். குழாய்த் தண்ணீர் தினமும் வராத ஊர்களில் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும். ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் வேலை செய்யும் எங்களிடம் இந்த மாதங்களில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டோட்டல் கவுண்ட் ஏறியிருக்குதுங்களா, எறங்கியிருக்குதுங்களா?" ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கையைத்தான் டோட்டல் கவுண்ட் என்கிறோம். ஏறியிருந்தால் கிருமி அதிகம் என்று மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்குகிறார்கள். இறங்கியிருந்தால் எதிர்ப்புச் சக்தி போய்விட்டது என்று சத்து ஊசிக்கு அலைகிறார்கள். இரண்டும் தப்பு. வெள்ளையணுக்கள் உடம்புக்குள் என்ன செய்கின்றன என்று தெரிந்தால் ஏன் தப்பு என்பது தானாக விளங்கும். அதற்காகவே இந்தக் கடிதம்.

பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருப்பது இயல்பு. அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 40 முதல் 75 சதவீதம், லிம்போசைட் 20 முதல் 45 சதவீதம். மீதி மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில். குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. பிறந்த சில வாரங்களிலிருந்து நான்கைந்து வயது வரை லிம்போசைட்தான் அதிகம். இரண்டு வயதுப் பிள்ளையின் சீட்டில் லிம்போசைட் 55 என்று இருப்பதையும், பக்கத்தில் பெரியவர்களுக்கான அளவு அச்சாகியிருப்பதையும் பார்த்துவிட்டுப் பெற்றோர் கலங்கிப் போகிறார்கள். கலங்க ஒன்றுமில்லை.

ஊசியில் நாங்கள் எடுப்பது ரத்தக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் அணுக்களை மட்டும்தான். ரத்தக் குழாய்க்குள் இருக்கும் நியூட்ரோஃபில்களில் ஏறக்குறையப் பாதி குழாய்ச் சுவரை ஒட்டியே நிற்கும். அவை எண்ணிக்கையில் வராது. அதைவிடப் பல மடங்கு எலும்பு மஜ்ஜையில் கையிருப்பாக இருக்கும். மாடி ஏறி மூச்சு வாங்கினாலும், குழந்தை வீறிட்டு அழுதாலும், வலியில் துடித்தாலும் சுவரோரம் நின்றவை ஓட்டத்தில் கலந்துவிடும். கிருமியே இல்லாமல் எண்ணிக்கை ஏறும். ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் சில மணி நேரத்தில் ஏறும். பிரசவ நேரத்தில் 20,000-ஐத் தாண்டுவதும் உண்டு.

நம் பக்கத்தில் மஞ்சள் வெட்டும்போதும் கரும்பு வெட்டும்போதும் காலில் காயம் படுவது சாதாரணம். அந்தக் காயத்தில் நடப்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். தோலுக்கு அடியில் ஏற்கெனவே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற அணுக்கள் பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்குகளை அடையாளம் கண்டு ரசாயனச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. சுற்றியுள்ள நுண் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. காயம் சிவந்து சூடாக இருப்பது இதனால்தான். குழாயின் உட்சுவரில் பசைபோன்ற புரதங்கள் முளைக்கின்றன. ஓட்டத்தில் வரும் நியூட்ரோஃபில் அதில் பட்டு வேகம் குறைந்து, உருண்டு உருண்டு, ஓரிடத்தில் நிற்கிறது. 12 முதல் 15 மைக்ரான் குறுக்களவு உள்ள அந்த அணு, சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவே உடம்பை நீட்டி ஒடுக்கி வெளியே வந்துவிடுகிறது. சமிக்ஞை எந்தப் பக்கம் அடர்த்தியாக இருக்கிறதோ அந்தப் பக்கமே நகர்ந்து போகிறது. சில மணி நேரத்தில் காயத்தில் குவியத் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்தைத் தொடுகின்றன. பிறகு மோனோசைட்டுகள் வந்து மேக்ரோஃபேஜாக மாறிச் செத்ததையெல்லாம் அப்புறப்படுத்துகின்றன.

பாக்டீரியாவை விழுங்கிய நியூட்ரோஃபில் தனக்குள் இருக்கும் கிருமிக்கொல்லிக் குருணைகளை அதன்மேல் கொட்டும். கூடவே ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும், அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலமும் தயாராகும். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீரில் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். இதைத் தயாரிக்கும் மயிலோபெராக்சிடேஸ் என்ற நொதிக்குப் பச்சை நிறம். சளியும் சீழும் பச்சையாக இருக்கக் காரணம் இது. "சளி பச்சையா வருதுங்க" என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நியூட்ரோஃபில் நிறைய வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்த நிறம் சாட்சி. சாதாரண வைரஸ் சளியிலும் நாலைந்து நாளில் பச்சை வரும், தானே போகும்.

விழுங்க முடியாத அளவுக்குக் கிருமி பெருகினால் நியூட்ரோஃபில் தன் டி.என்.ஏ.வையே வலைபோல வெளியே விரித்துக் கிருமியைச் சிக்க வைக்கும் என்று 2004-ல் கண்டறிந்தார்கள். சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ மட்டுமே வாழும் இந்த அணுக்களை ஈடுகட்ட மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரித்து அனுப்புகிறது.

இந்த ஏற்பாட்டை நாமே கெடுத்துக்கொள்வது காயத்தின் மேல் எதையாவது அப்பும்போது. காப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை, மண், மாட்டுச் சாணம் என்று எதை வைத்தாலும் அந்தத் துகள்களைத் தின்னப் போய் நியூட்ரோஃபில்கள் வீணாகின்றன. அந்நியப் பொருள் உள்ளே தங்கினால் எவ்வளவு கெடுதல் என்பதற்கு 1957-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சாதாரணத் தோலில் சீழ் பிடிக்கச் செய்ய பத்து லட்சக் கணக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா தேவைப்பட்டது. தையல் நூல் ஒன்று உள்ளே இருந்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. வேலமுள் நுனியோ, தேங்காய் நாரோ, தறிப் பட்டறையின் இரும்புச் சிம்போ உள்ளேயே தங்கினாலும் அதே கதைதான். முதலில் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுச் சில நிமிடம் நன்றாகக் கழுவ வேண்டும், தங்கியதை எடுக்க வேண்டும், சுத்தமான துணி கட்ட வேண்டும். மாத்திரை அதற்குப் பிறகு, தேவைப்பட்டால். கட்டி பழுத்துச் சீழ் கோத்துவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. சீழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை, ஆக்சிஜன் இல்லை. மருந்தும் சரியாகப் போய்ச் சேராது, அணுக்களுக்கும் வேலை ஓடாது. மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். வீட்டில் பிதுக்கினால் கிருமி அக்கம்பக்கத் திசுவுக்குப் பரவும்.

மண் பட்ட காயத்தில் இன்னொன்று. டெட்டனஸ் கிருமி வெளிவிடும் நஞ்சு நரம்புக்குள் போய்விட்டால் எந்த வெள்ளையணுவாலும் அதைப் பிடிக்க முடியாது. முன்கூட்டியே ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மட்டுமே அதைத் தடுக்கும். அதைத் தயாரிக்க லிம்போசைட்டுகளுக்குத் தடுப்பூசி மூலம் பழக்கம் இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு ஒரு முறை டி.டி. ஊசி. அழுக்கான காயம் என்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

காலில் காயம் பட்டு இரண்டாம் நாள் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும் வெள்ளையணுக்களின் வேலைதான். கிருமியின் துணுக்குகள் நிணநீர் வழியாக அங்கே போய்ச் சேர, அதற்குப் பொருந்தும் லிம்போசைட்டுகள் பெருகுகின்றன. புதுக் கிருமி என்றால் எதிர்ப்பொருள் வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். முன்பே பழகிய கிருமி என்றால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். நெறியை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். ஆனால் வலியே இல்லாமல், கெட்டியாக, மூன்று வாரத்துக்கு மேல் வற்றாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இனி காய்ச்சல் விஷயத்துக்கு வருவோம். பாக்டீரியாத் தொற்றில் பெரும்பாலும் மொத்த எண்ணிக்கையும் நியூட்ரோஃபிலும் ஏறும். டெங்குவில் இறங்கும், 2,000, 3,000 என்றுகூட வரும். தட்டணு (பிளேட்லெட்) இறங்குவதற்கு முன்னாலேயே வெள்ளையணு இறங்கிவிடும். இது எதிர்ப்புச் சக்தி அழிந்ததன் அடையாளம் அல்ல. வைரஸ் தாக்கத்தில் மஜ்ஜையின் உற்பத்தி சில நாள் குறைகிறது, பிறகு தானே ஏறிவிடும். வெள்ளையணுவை ஏற்ற ஊசியும் வேண்டாம், ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். டெங்குவில் ஆபத்து வருவது காய்ச்சல் விடும் சமயத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். விடாத வாந்தி, கடுமையான வயிற்று வலி, ஈறில் ரத்தம், துவண்டு போதல், சிறுநீர் குறைதல் இருந்தால் தாமதிக்கக் கூடாது. பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை தொடக் கூடாது.

இறங்கினால் வைரஸ், ஏறினால் பாக்டீரியா என்று சூத்திரம் போட்டுக்கொள்ளவும் முடியாது. டைஃபாய்டு பாக்டீரியாவால் வருவது. அதில் எண்ணிக்கை இறங்கியே இருக்கலாம். வயதானவர்களுக்குக் கடும் தொற்று ரத்தத்தில் பரவும்போது 4,000-க்குக் கீழே போவது மோசமான அறிகுறி. வெள்ளையணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் கிருமிகளும் உண்டு. காசநோய்க் கிருமி, தன்னை விழுங்கிய மேக்ரோஃபேஜின் குருணைகள் தன்மேல் கொட்டாதபடி தடுத்துவிடும். உண்ணிக்காய்ச்சல் கிருமியும் செல்லுக்குள்ளேயே வாழ்வது. மலையடிவாரத்தில் புல் அறுக்கவும் ஆடு மேய்க்கவும் போகிறவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்புத் துணி இறுக்கும் இடம், மார்பின் கீழ்ப்பகுதி எல்லாம் பார்க்க வேண்டும். பீடி சுட்டதுபோலக் கருத்த பக்கு ஒன்று, வலியே இல்லாமல், இருக்கும். அதற்கு டாக்சிசைக்ளின் கேட்கும். கடையில் வாங்கும் அமாக்சிசிலின் கேட்காது.

காய்ச்சல் சட்டென்று விட வேண்டும் என்று டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த ஊசி கேட்டுப் போட்டுக்கொள்வது நம் ஊர்களில் இன்னும் நிற்கவில்லை. அது காய்ச்சலை இறக்கும். நியூட்ரோஃபில் காயத்துக்குள் நுழைவதையும் லிம்போசைட்டின் வேலையையும் சேர்த்தே முடக்கும். அடுத்த நாள் எடுக்கும் டோட்டல் கவுண்ட் 14,000 என்று வந்தால், அது தொற்றா, ஊசியா என்று எங்களாலும் சொல்ல முடியாது. ஊசி போட்டிருந்தால் ரத்தம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எங்கள் பக்கத்திலும் தவறுகள் நேரும். ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் நுண் கட்டி விழுந்து எண்ணிக்கை பொய்யாகக் குறையும். கிராமத்தில் காலையில் எடுத்த ரத்தம் வெயிலில் வண்டியில் சுற்றி மாலையில் வந்து சேர்ந்தால் அணுக்கள் உப்பிச் சிதைந்திருக்கும். கருவுள்ள சிவப்பணுக்களையும் தட்டணுத் திரள்களையும் வெள்ளையணு என்று எண்ணிவிடும் கருவிகளும் உண்டு. சந்தேகம் வந்தால் கையால் எண்ணிப் பார்ப்பதே வழி. 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை 380 மைக்ரோலிட்டர் டர்க் திரவத்தில் கலந்தால் சிவப்பணு கரைந்து வெள்ளையணுக் கரு மட்டும் நிற்கும். நியூபார் சேம்பர் என்ற, கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடியின் நான்கு மூலைச் சதுரங்களில் எண்ணி 50-ஆல் பெருக்க வேண்டும். 140 அணுக்கள் என்றால் 7,000.

அதைவிட முக்கியம் ஸ்மியர். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை மெல்லியதாக இழுத்து லீஷ்மன் சாயம் ஏற்றிப் பார்த்தால், எண்ணிக்கை சொல்லாததை அது சொல்லும். முதிர்ந்த நியூட்ரோஃபிலின் கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்திருக்கும். கையிருப்பு தீர்ந்து இளசுகளையும் மஜ்ஜை அனுப்பத் தொடங்கினால் கரு பிரியாமல் லாடம்போல வளைந்திருக்கும். குருணைகள் கருத்துத் தடித்துத் தெரியும். டோட்டல் கவுண்ட் 9,000 என்று இயல்பாக இருக்கும்போதே இது தெரிந்தால் மருத்துவர் உஷாராகிவிடுவார்.

சதவீதத்தை மட்டும் படிப்பதும் ஏமாற்றும். மொத்தம் 3,000, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் உண்மையில் இருப்பது 600. 1,500-க்குக் கீழே குறைவு. 500-க்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்கு மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இந்த நிலை வரலாம். அந்த நாட்களில் ஒரே ஒரு முறை 101 டிகிரி காட்டினாலும் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். நியூட்ரோஃபில் இல்லாததால் சீழும் இருக்காது, சிவப்பும் இருக்காது. காய்ச்சல் ஒன்றே அறிகுறி. தைராய்டு மிகைக்குக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்கும் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே கவுண்ட் பார்க்க வேண்டும்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஆனால் நியூட்ரோஃபில் நகர்வதும் விழுங்குவதும் கொல்வதும் மந்தமாகிவிடும். கால் புண் ஆறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளை வளர்த்துவிடுகிறது. கோழி, மீன் உள்ளிட்ட உணவுக்கான உயிரினங்களுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்ததும், மனிதர்களுக்கான கடைசி மருந்துகளில் ஒன்றைக் காப்பாற்றத்தான். நாமக்கல் பண்ணைக்கு ஒரு சட்டம், நம் வீட்டு அலமாரிக்கு வேறு சட்டம் என்று இருக்கக் கூடாது.

நம் மாவட்டங்களின் பரிசோதனைக் கூடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வேண்டுகோள்: சீட்டில் சதவீதத்தோடு ஒவ்வொரு வகையின் உண்மை எண்ணிக்கையையும், ரத்தம் எடுத்த நேரத்தையும், நோயாளியின் வயதுக்குரிய இயல்பு அளவையும் அச்சிடுங்கள்; எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் ஸ்மியர் பார்த்து ஒரு வரி எழுதுங்கள். காய்ச்சலோடு வருபவர்கள் பழைய சீட்டு இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். 4,500 என்பது ஒருவருக்கு எப்போதும் இருக்கும் அளவாக இருக்கலாம்; போன மாதம் 9,000 இருந்தவருக்கு அது இறக்கம்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனைக் கூடப் பணியாளர்கள் சிலர்,
ஈரோடு மாவட்டம்.